மோரிஸ் மைனருக்கு வேறொரு பின் அச்சு

உங்கள் தாத்தாவிடம் "மோரிஸ் மைனர்" என்று சொல்லிப் பாருங்கள். உருண்டை விளக்குகளும் வளைந்த முதுகும் கொண்ட அந்தக் காரைப் பற்றி அவரிடம் ஒரு கதையாவது இருக்கும். 1948-இல் பிரிட்டனில் அறிமுகமான அந்தக் கார் மலாயா, சிங்கப்பூர்ச் சாலைகளிலும் நிறைய ஓடியது. அதை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பிற்காலத்தில் புகழ்பெற்ற மினி காரை உருவாக்கியவரும் இவர்தான்.

இன்றும் இந்தக் காரைப் பேணிப் பாதுகாத்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் செய்ய விரும்பும் ஒரு மாற்றம் உண்டு: காரின் பின் அச்சை, அல்லது அதற்குள் இருக்கும் பற்சக்கரங்களை எடுத்துவிட்டு வேறொரு காருடையதைப் பொருத்துவது. வெளியிலிருந்து பார்த்தால் யாருக்கும் தெரியாத மாற்றம் இது. ஆனால் காரின் இழுவிசை, வேகம், பிரேக், வேகமானி காட்டும் எண் ஆகிய எல்லாவற்றையும் இது தொடுகிறது. பள்ளியில் படிக்கும் அறிவியல் பாடங்களில் பாதி இந்த ஓர் அச்சுக்குள் இருக்கிறது என்றே சொல்லலாம்.

முதலில், அச்சுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். மோரிஸ் மைனரில் எஞ்சின் முன்னால் இருக்கிறது; காரைத் தள்ளுபவை பின் சக்கரங்கள். எஞ்சினின் சுழற்சி கியர்பாக்ஸ் வழியாக வந்து, காரின் அடிவயிற்றில் நீளமாகக் கிடக்கும் ஒரு குழாய்த் தண்டின் மூலம் பின்னால் போகிறது. பட்டறையில் இதை ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் என்பார்கள். தண்டின் முனையில் பினியன் என்ற சிறிய பற்சக்கரம் இருக்கிறது. அது கிரௌன் வீல் என்ற பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. நீளவாக்கில் வந்த சுழற்சி இங்கேதான் குறுக்குவாக்கில் திரும்பிச் சக்கரங்களுக்குப் போகிறது.

1956-இல் வந்த மோரிஸ் மைனர் 1000 காரில் பினியனுக்கு 9 பற்கள்; கிரௌன் வீலுக்கு 41 பற்கள். 41-ஐ 9-ஆல் வகுத்தால் 4.55. அதாவது தண்டு 4.55 முறை சுழன்றால்தான் சக்கரம் ஒரு முறை சுழலும். பின் அச்சின் விகிதம் என்று சொல்வது இதைத்தான்.

கணக்கில் ஆர்வமுள்ளவர்களுக்கு ஓர் இடைக்குறிப்பு. 9, 41 ஆகிய இரண்டுக்கும் 1-ஐத் தவிரப் பொதுக் காரணி கிடையாது. இதனால் பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரௌன் வீலின் எல்லாப் பற்களையும் முறைவைத்துச் சந்திக்கும். 9-க்கு 45 என்று வைத்திருந்தால் ஒரு பல் எப்போதும் அதே ஐந்து பற்களையே சந்தித்துக்கொண்டிருக்கும். ஒரு பல்லில் சிறு குறை இருந்தால் எதிரே உள்ள அந்த ஐந்தும் மட்டும் தேய்ந்துபோகும். மீப்பெரு பொதுக் காரணி எதற்குப் பயன்படும் என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

சரி, 4.55 இருக்கும்போது ஏன் மாற்ற வேண்டும்? நெடுஞ்சாலைதான் காரணம். மைனரின் பின் டயர் ஒரு முறை உருண்டால் கார் சுமார் 1.85 மீட்டர் நகரும். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய 1,833 மீட்டர் போகிறது. சக்கரம் நிமிடத்திற்குச் சுமார் 990 முறை சுழல்கிறது. மைனரின் நான்காம் கியர் நேரடிக் கியர். எஞ்சின் ஒரு முறை சுழன்றால் தண்டும் ஒரு முறை சுழலும். ஆகவே 990-ஐ 4.55-ஆல் பெருக்கினால் எஞ்சினின் சுழற்சி கிடைத்துவிடும்: நிமிடத்திற்கு ஏறக்குறைய 4,500.

அந்த 948 சிசி எஞ்சின் தன் முழுத் திறனான 37 குதிரைத்திறனைத் தருவதே 4,800 சுழற்சிக்கு அருகில்தான். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஈப்போவிலிருந்து கோலாலம்பூர் வரை 4,500-இல் ஓடுவது, ஓட்டப் பந்தய வேகத்திலேயே ஒருவரைப் பள்ளிக்கூடம் வரை ஓடச் சொல்வது போன்றது. அலறும் சத்தத்தில் உள்ளே பேச முடியாது. பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், தேய்மானமும் அதிகம். இந்தக் கார் உருவான 1948-இல் பிரிட்டனிலேயே இத்தகைய நெடுஞ்சாலை கிடையாது. நம் நெடுஞ்சாலை முழுமையடைந்ததோ 1994-இல்.

இப்போது விகிதத்தைக் குறைத்துப் பாருங்கள். பின்னாளில் 1098 சிசி எஞ்சினுடன் வந்த மைனரில் பற்கள் 9-க்கு 38, விகிதம் 4.22. அதே 110 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் 4,180 முறை சுழலும். எம்ஜி மிட்ஜெட் என்ற சிறிய விளையாட்டுக் காரின் பிந்தைய வகைகளில் விகிதம் 3.9, எஞ்சின் 3,860. கடைசிக் காலத்து 1500 சிசி மிட்ஜெட்டில் 3.7, எஞ்சின் 3,660 மட்டுமே. முதலில் இருந்ததைவிட நிமிடத்திற்கு 840 சுழற்சி குறைவு. மிட்ஜெட்டைத் தேடிப் போவதற்கு ஒரு வசதியான காரணமும் உண்டு. மோரிஸும் எம்ஜியும் ஒரே பெருநிறுவனக் குடும்பத்துக் கார்கள். இரண்டின் பின் அச்சுகளும் ஒரே அடிப்படை வடிவமைப்பில் உருவானவை. மிட்ஜெட்டின் பற்சக்கரத் தொகுதியைக் கழற்றி மைனரின் அச்சுக் கூட்டுக்குள் வைத்தால் உட்கார்ந்துகொள்ளும்.

அப்படியானால் இசிகோனிஸும் அவருடைய குழுவினரும் தொடக்கத்திலேயே 3.7 வைத்திருக்கலாமே? வைக்க முடியாது. ஏன் என்பதை ஒரு மலைச்சாலையில் ஏற்றிப் பார்த்தால் புரியும்.

தொடக்கப்பள்ளியில் எளிய எந்திரங்கள் பாடத்தில் நெம்புகோலும் பற்சக்கரமும் படித்தது நினைவிருக்கும். படிவம் 2-இல் "மொமென் டாயா" என்று படிப்பது விசையின் திருப்புத்திறனைத்தான்; சுழலும் பொருளில் அதை முறுக்குவிசை என்போம். 948 சிசி எஞ்சினின் அதிகபட்ச முறுக்குவிசை சுமார் 68 நியூட்டன் மீட்டர். பின் அச்சு இதை 4.55 மடங்காக்கிச் சக்கரத்துக்குத் தருகிறது: 309 நியூட்டன் மீட்டர். சக்கரத்தின் ஆரம் 0.294 மீட்டர். 309-ஐ 0.294-ஆல் வகுத்தால், நான்காம் கியரில் டயர் சாலையைப் பின்னுக்குத் தள்ளும் விசை சுமார் 1,050 நியூட்டன். விகிதம் 3.7 ஆனால் இதே கணக்கில் 855 நியூட்டன்தான் கிடைக்கும். பற்சக்கரங்களின் உராய்வால் ஏற்படும் இழப்பைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஆட்களுடன் கார் 900 கிலோகிராம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 15 மீட்டர் தூரத்துக்கு 1 மீட்டர் உயரும் சாலை. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குப் போகும் வழியில் இதைவிடச் செங்குத்தான இடங்கள் உண்டு. அந்தச் சரிவில் புவியீர்ப்பு காரைப் பின்னால் இழுக்கும் விசை 900 பெருக்கல் 9.8 வகுத்தல் 15, அதாவது 588 நியூட்டன். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் காற்றும் டயரின் உருளல் தடையும் சேர்ந்து ஏறத்தாழ 280 நியூட்டன் பிடித்துக்கொள்ளும். மொத்தம் 868. அசல் அச்சு தரும் 1,050 நியூட்டன் இதற்குப் போதும். கார் நான்காம் கியரிலேயே ஏறிவிடும். 3.7 அச்சு தரும் 855 போதாது. கார் மெல்லத் தளரும். ஓட்டுநர் மூன்றாம் கியருக்கு இறங்க வேண்டும். 3.9 அச்சு காகிதத்தில் 900 நியூட்டன் தந்து நூலிழையில் தப்பும். ஆனால் உராய்வு இழப்பையும் சேர்த்தால் அதுவும் தேறாது.

பற்சக்கரம் ஆற்றலை உருவாக்குவதில்லை. விசையைக் கூட்டினால் வேகத்தைக் குறைக்கும். வேகத்தைக் கூட்டினால் விசையைக் குறைக்கும். 1952-இல் மைனருக்கு 803 சிசி எஞ்சின் பொருத்தியபோது அது தந்தது 30 குதிரைத்திறன்தான். அதனால் அந்தக் காலகட்டக் கார்களில் விகிதம் 5-க்கும் மேலே இருந்தது. எஞ்சின் வலுப்பெறப் பெற விகிதம் 4.55, 4.22 என்று இறங்கியது.

எனவே அச்சை மாற்றுவது நல்லதா என்ற கேள்விக்கு, "எந்த எஞ்சினோடு?" என்ற எதிர்க்கேள்விதான் விடை. அதே எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்த, மிட்ஜெட்டில் இருந்த 1275 சிசி எஞ்சினைச் சிலர் மைனரில் பொருத்துகிறார்கள். அதன் முறுக்குவிசை சுமார் 98 நியூட்டன் மீட்டர். 3.7 அச்சோடு அது டயரில் 1,230 நியூட்டன் தரும். அசல் காரைவிட அதிகம். மேடும் ஏறும், நெடுஞ்சாலையிலும் அலறாது. ஆனால் பழைய 948 எஞ்சினை வைத்துக்கொண்டு 3.7-க்குத் தாவுவது வீண் வேலை என்பது என் கருத்து. அதற்கு 4.22 போதும்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பினியனும் கிரௌன் வீலும் ஒரு ஜோடியாக உரசிப் பொருத்தப்பட்டவை. ஒன்றைப் பழைய அச்சிலிருந்தும் மற்றொன்றைப் புதிய அச்சிலிருந்தும் எடுத்துச் சேர்த்தால் ஊளையிடும். சீக்கிரமே பற்கள் தெறிக்கும். மாற்றினால் முழுத் தொகுதியாகத்தான் மாற்ற வேண்டும்.

அந்தத் தொகுதிக்கு நடுவில்தான் டிஃபரன்ஷியல் இருக்கிறது. கார் ஒரு "யூ" திருப்பம் போடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். மைனரின் இரு பின் சக்கரங்களுக்கும் இடையே 1.28 மீட்டர் இடைவெளி. அரை வட்டம் சுற்றி முடிப்பதற்குள் வெளிச் சக்கரம் உள் சக்கரத்தைவிட 4 மீட்டர் கூடுதலாக உருள வேண்டும். அதாவது இரண்டு சுற்றுக்கும் மேல். இரண்டும் ஒரே இரும்புத் தண்டில் இறுக்கப்பட்டிருந்தால் ஏதாவது ஒரு டயர் சாலையில் தேய்ந்துதான் ஆக வேண்டும். டிஃபரன்ஷியலில் உள்ள சிறு பற்சக்கரங்கள் ஒரு சக்கரம் வேகமாகவும் மற்றது மெதுவாகவும் சுழல விடுகின்றன. இரண்டின் சராசரி மட்டும் எப்போதும் கிரௌன் வீலின் வேகத்துக்குச் சமம். இந்தச் சராசரி விதியை மறந்துவிடாதீர்கள். கட்டுரையின் கடைசியில் தேவைப்படும்.

இதுவரை பார்த்தது அச்சின் உள்ளுறுப்பை மட்டும் மாற்றுவது. சிலர் அச்சையே முழுதாகக் கழற்றிவிட்டு, ஃபோர்ட் எஸ்கோர்ட் போன்ற வேறு நிறுவனக் காரின் அச்சைப் பொருத்துகிறார்கள். இன்னும் வலுவான எஞ்சின் பொருத்துகிறவர்களுக்கு மைனரின் மெல்லிய அரைத்தண்டுகள் தாங்காது என்பதால் இது தேவைப்படுகிறது. சிக்கல்களும் இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

மைனரின் சக்கரத்தை நான்கு போல்ட்டுகள் பிடிக்கின்றன. அவை அமைந்திருக்கும் வட்டத்தின் விட்டம் 101.6 மில்லிமீட்டர். எஸ்கோர்ட்டிலும் நான்கு போல்ட்டுகள்தான். ஆனால் வட்டம் 108 மில்லிமீட்டர். ஆறு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் முன் சக்கரம் பின்னால் பொருந்தாது, பின் சக்கரம் முன்னால் பொருந்தாது. டயர் பஞ்சரானால் மாற்றுச் சக்கரம் இரண்டில் ஒரு பக்கத்துக்கு மட்டுமே உதவும். அச்சின் அகலத்தையும் அளக்க வேண்டும். அகலம் கூடினால் குழியில் கார் அமுங்கும்போது டயர் மட்கார்டில் உரசும்.

அடுத்தது, அச்சு உட்காரும் கோணம். மைனரின் பின் அச்சு இரண்டு லீஃப் ஸ்பிரிங்குகளின் மேல் அமர்ந்திருக்கிறது. புதிய அச்சை அங்கே உட்காரவைக்க அதன் குழாயில் இரும்புத் தாங்கிகளைப் பற்றவைக்க வேண்டும். எந்தக் கோணத்தில் பற்றவைப்பது என்பதில்தான் முழுக் கவனமும் வேண்டும். குழாய்த் தண்டின் இரு முனைகளிலும் கோணம் மாறினாலும் சுழற்சியைக் கடத்தும் மூட்டுகள் இருக்கின்றன. இதற்கு ஹூக் மூட்டு என்று பெயர். ஸ்பிரிங்கின் நீட்சி பற்றி நீங்கள் இயற்பியலில் படிக்கும் ஹூக்கின் விதி இருக்கிறதே, அதே ராபர்ட் ஹூக்தான். இந்த மூட்டில் ஒரு விசித்திரம் உண்டு. உள்ளே வரும் சுழற்சி சீராக இருந்தாலும், மூட்டு சாய்ந்திருந்தால் வெளியே போகும் சுழற்சி ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகமாகி இருமுறை மெதுவாகும். 10 பாகை சாய்வில் இந்த ஏற்ற இறக்கம் ஒன்றரை விழுக்காடு. முன் மூட்டும் பின் மூட்டும் ஒரே அளவு சாய்ந்து, முறையாக எதிரெதிர் அமைந்திருந்தால் ஒன்றின் தடுமாற்றத்தை மற்றது சரிசெய்துவிடும். தாங்கியைக் கண்மதிப்பில் பற்றவைத்தால் சரிசெய்யாது. கார் முழுதும் அதிரும். மூட்டு தேய்ந்து உடையும்.

இந்த ஸ்பிரிங்குகளுக்கு எடையைத் தாங்குவதோடு வேறு வேலையும் உண்டு. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, சக்கரத்தை முன்நோக்கிச் சுழற்றும் அச்சு தானும் பின்நோக்கிச் சுழல முயலும். அதைத் தடுத்துப் பிடித்திருப்பவை ஸ்பிரிங்குகள்தான். வலுவான எஞ்சினோடு திடீரென்று கிளம்பினால் அவை பாம்புபோல் நெளிந்து, மறுபடி நிமிர்ந்து, சக்கரத்தைத் தத்தித் தத்திக் குதிக்கவைக்கும்.

இவற்றையெல்லாம்விட ஆபத்தானது பிரேக். முழு அச்சோடு அதன் பிரேக்கும் சேர்ந்தே வருகிறது. பாஸ்கல் விதிப்படி பிரேக் எண்ணெயின் அழுத்தம் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே அளவாகப் போகும். எந்தச் சக்கரத்தின் பிஸ்டன் பெரிதோ அங்கே விசை அதிகம். பின் சக்கரத்தின் பிஸ்டன் விட்டம் 19 மில்லிமீட்டரிலிருந்து 22 ஆனதாக வைத்துக்கொள்வோம். பரப்பளவு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆக விசை 1.34 மடங்காகும். பின் பிரேக் வலுவானது நல்லதுதானே என்று கேட்பீர்கள். இல்லை. பிரேக் பிடிக்கும்போது காரின் எடை முன்பக்கம் சாய்கிறது. பின் டயர்கள் சாலையை மெலிதாகவே தொடுகின்றன. அந்த நேரத்தில் பின் பிரேக் கூடுதலாகப் பிடித்தால் பின் சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொள்ளும். மழையில் நனைந்த சாலையில் அப்படி நடந்தால் காரின் பின்பகுதி முன்பகுதியை முந்தப் பார்க்கும். கார் பம்பரம்போல் சுழன்றுவிடும். அச்சை மாற்றுகிறவர் பின் சக்கரத்தின் பிஸ்டனை முன் பிரேக்குக்கு ஏற்ற அளவில் தேர்ந்தெடுக்க வேண்டும், அல்லது பின்பக்க அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு ஒன்றைப் பொருத்த வேண்டும். பழைய கார்களில் செய்யப்படும் மாற்றங்களைப் பார்க்கும்போது நான் முதலில் கேட்பது இதைப் பற்றித்தான்.

கடைசியாக, பலர் மறந்துவிடும் வேகமானி. மைனரின் வேகமானி சக்கரத்தைப் பார்த்து வேகத்தைச் சொல்வதில்லை. கியர்பாக்ஸின் வால்பகுதியில் தண்டு எத்தனை முறை சுழல்கிறது என்பதை ஒரு கம்பிவடம் மூலம் தெரிந்துகொண்டு, அச்சு 4.55 என்ற நம்பிக்கையில் முள்ளை நகர்த்துகிறது. நாம் 3.7 வைத்துவிட்ட செய்தி அதற்குத் தெரியாது. முள் 90 என்று காட்டும்போது உண்மையான வேகம் 90 பெருக்கல் 4.55 வகுத்தல் 3.7, அதாவது 110-க்கும் மேல். பள்ளி வட்டாரத்தில் 30 என்று நினைத்து ஓட்டுகிறவர் உண்மையில் 37-இல் போகிறார். காரின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அவர் நிறுத்த வேண்டிய ஆற்றல் ஒன்றரை மடங்கு. குறுக்கே ஓடும் சிறுவனுக்கு இந்த வேறுபாடு சிறியதல்ல. ஓட்டுநர் மீதும் குறை சொல்ல முடியாது; அவர் முள்ளைப் பார்த்துத்தான் ஓட்டுகிறார். வேகமானியைப் புதிய விகிதத்துக்கு ஏற்பத் திருத்தித் தருபவர்கள் இருக்கிறார்கள். ஸ்மித்ஸ் நிறுவனத்தின் பழைய வேகமானிகளின் முகப்பில் சிறியதாக ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். ஒரு மைலுக்குக் கம்பிவடம் எத்தனை முறை சுழல வேண்டும் என்பதைக் குறிக்கும் எண் அது. திருத்துகிறவர் அங்கிருந்துதான் கணக்கைத் தொடங்குவார்.

நம் நாட்டில் வாகனத்தின் அமைப்பை மாற்ற நினைப்பவர் முதலில் சாலைப் போக்குவரத்துத் துறையிடம் அனுமதி பெற வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேலே பார்த்த பிரேக் கணக்கைப் புரிந்துகொண்டவர்களுக்கு அந்த விதி ஏன் இருக்கிறது என்று விளக்க வேண்டியதில்லை.

ஒரு பழைய மைனரில் எந்த விகிதம் இருக்கிறது என்று அச்சைப் பிரிக்காமலே தெரிந்துகொள்ள முடியுமா? முடியும். ஆனால் காரை உயர்த்துவது பட்டறைக்காரரின் வேலை. நீங்கள் தள்ளி நின்று எண்ணலாம். அவர் முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்னால் ஒரு சக்கரத்தை மட்டும் தாங்கியின் மேல் உயர்த்துவார். கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். கை பிரேக் பிடித்திருக்கக் கூடாது. டயரிலும் குழாய்த் தண்டிலும் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு போட்டுவிட்டு, உயர்த்திய சக்கரத்தை அவர் கையால் சரியாக இரண்டு முறை சுற்றட்டும். தண்டு நாலரைச் சுற்றுக்குச் சற்று மேல் போனால் அசல் 4.55. நாலு சுற்றை எட்டாமல் நின்றால் யாரோ ஏற்கெனவே மாற்றியிருக்கிறார்கள். ஒரு சுற்றுக்குப் பதிலாக ஏன் இரண்டு? தரையில் இருக்கும் சக்கரம் அசையவில்லை. அதன் சுழற்சி 0. உயர்த்திய சக்கரம் 2. சராசரி 1. கிரௌன் வீல் சுழன்றது அந்த ஒரு முறைதான்.